அணியத்துக்குப் போகாமல் பாய் சுருட்டுவது எப்படி?

இன்னிக்கு நாம பேசப்போறது பாய்மரப் படகின் முன்னாடி இருக்கும் ஒரு சின்ன உருளையைப் பத்தி.

யோசிச்சுப் பாருங்க. ராத்திரி, நடுக்கடல், காற்று ஏறிக்கிட்டே இருக்கு. படகில் நீங்க ஒரே ஆள். முன்பாயை இறக்கணும். ஆனா அந்தப் பாய், அணியத்திலிருந்து பாய்மர உச்சிக்குப் போகும் கம்பியில் கொக்கி கொக்கியாக மாட்டியிருக்கு. அலை ஏறி அடிக்கிற அந்த இடத்துக்கு நீங்கதான் போகணும். வழுக்கி விழுந்தா, திரும்பி வந்து தூக்க ஆள் கிடையாது.

இதுக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் ஒரு பதில் வந்தது: விக்கம்-மார்ட்டின் கருவி. கீழே கயிறு சுற்றிய உருளை, மேலே சுழலும் இணைப்பு. பின்னாடி உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்தா, பாய் தன் விளிம்புக் கம்பியைச் சுற்றிக் கோரைப்பாய் மாதிரி சுருண்டுடும். சிக்கல் என்னன்னா, முழுசா விரிக்கலாம் அல்லது முழுசா சுருட்டலாம். பாதியில் நிறுத்தினா, கீழ்முனை திரும்பிய அளவுக்கு மேல்முனை திரும்பாது, கம்பி முறுக்கிக்கும். காற்று ஏறும்போது தேவைப்படறதோ அந்தப் பாதிப் பாய்தான்!

1960-இல் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு, அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் முதல் பந்தயம் நடந்தது. அதில் 25 அடி 'ஜெஸ்டர்' படகில் வந்த பிளாண்டி ஹாஸ்லர், முன்பாயே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டார். சீன ஜங்க் படகுகளைப் போல, குறுக்குக் கழிகள் வைத்த ஒரே பாய். கயிறுகள் நடுவிலிருந்த வட்டத் திறப்புக்கு வந்து சேரும். அங்கே நின்னபடியே பாயைக் குறைக்கலாம். சுமார் 40 அடிப் படகில் வந்த பிரான்சிஸ் சிசெஸ்டர் 40 நாளில் ஜெயிச்சார். ஹாஸ்லர் 48 நாளில் இரண்டாவது.

ஆனா பெரும்பாலானவங்க முன்பாயை விடலை. பிறகு வந்த கருவிகள், முன்கம்பி மேல் நீளமான அலுமினிய உறையைப் போட்டன. பாயின் விளிம்பு அதன் காடியில் நுழையும். உறை உச்சிவரை ஒண்ணாகத் திரும்புறதால, பாதிப் பாயும் நிக்கும். ஆனா அந்தப் பாதிப் பாய் தொப்பை போடும். அதைக் குறைக்கத்தான் விளிம்பில் நுரைப்பட்டை தைக்கிறாங்க. உறையால் படகின் மேல்பகுதியில் எடையும் கூடும்.

அதனால சின்னப் படகுக்குக் கருவி வாங்குறவங்க முதல்ல கேட்க வேண்டியது இதுதான்: சுருட்டி வைத்தால் போதுமா, பாதியாகவும் குறைக்கணுமா? ஏரியில் பகலில் ஓட்ட அந்தப் பழைய உருளையே போதும். கடலுக்குன்னா உறை வேணும். கூடவே, கிளம்பும் முன் அந்தச் சுருட்டுக் கயிறு தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க. பலத்த காற்றில் அது அறுந்தா மொத்தப் பாயும் விரிஞ்சுடும். அப்போ யாராவது அணியத்துக்குப் போய்த்தான் ஆகணும்.