அளவுகோலும் மின்கலமும்

வரலாற்றில் நிலைபெற்ற நியமங்கள் யாவும் முன்கூட்டியே திட்டமிட்டு வகுக்கப்பட்டவை எனக் கருதுதல் பொருந்தாது. யப்பானின் ஷிசுவோக்கா நகரில் 1946இல் மர ஆலையாகத் தோன்றிய தமியா நிறுவனத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1947இல் மரத்தாலான மாதிரியுருக்களைச் செய்யத் தொடங்கிய அந்நிறுவனம், மேனாட்டுப் பிளாஸ்டிக் மாதிரிகளின் வருகையால் நெருக்கடிக்குள்ளாகி, 1960இல் யமாட்டோ போர்க்கப்பலுடன் தானும் பிளாஸ்டிக்குக்கு மாறிற்று.

அடுத்து ஜேர்மனியரின் பாந்தர் யுத்த தாங்கியை மாதிரியாக்கியபோது, அதன் அளவைத் தீர்மானித்தது வரலாற்றறிவன்று. உள்ளே அடங்கவேண்டிய மோட்டாரும் மின்கலங்களுமேயாம். பின்னர் கணித்தபோது அது ஏறத்தாழ 35இல் 1 பங்கெனக் காணப்பட்டது. தற்செயலாய்ப் பிறந்த அவ்விகிதமே காலப்போக்கில் உலகெங்கும் நியமமாயிற்று.

1974இல் அந்நிறுவனம் வானொலி அலையால் இயக்கப்படும் ஷேர்மன் தாங்கியை 16இல் 1 பங்கு அளவில் வெளியிட்டது. இத்தகைய மாதிரியொன்றின் பாகங்களைப் பொருத்துபவர், இரு பக்கச் சங்கிலித் தடங்களின் வேக வேறுபாடே தாங்கியைத் திருப்புகின்றது என்பதைத் தம் கையாலேயே அறிந்துகொள்கின்றார். எனினும், மாதிரி பொறியின் அமைப்பை மட்டுமே உரைக்கும். அப்பொறியினுள் வெந்தவரையும் அதன் முன் வீழ்ந்தவரையும் பற்றி மௌனம் சாதிக்கும். அம்மௌனத்தை நிரப்புதல் வரலாற்று மாணவரின் கடனாகும்.