உள்ளூராட்சித் தேர்தலில் முடிவுரைக்கும் முறையும் மலையக மக்களின் வாக்குரிமையும்

இலங்கையில் தேர்தலை நடத்தி முடிவுரைக்கும் அதிகாரிக்குத் தமிழில் வழங்கும் பெயர் தெரிவத்தாட்சி அலுவலர் என்பதாகும். தெரிவு என்பது மக்களின் செயல். அத்தாட்சி என்பது அச்செயல் முறைப்படி நிகழ்ந்ததென ஓர் அதிகாரி கையொப்பமிட்டு உரைப்பது. முன்னது நிகழ்ந்தும் பின்னது இல்லையாயின் வென்றவர் ஆசனத்தில் அமர இயலாது. முன்னது நிகழாதிருக்கப் பின்னது மட்டும் நிகழுமாயின் அது வெறுங் கையொப்பமேயன்றி ஆட்சிக்கு அடித்தளமாகாது. ஆதலின் தேர்தல் முடிவுகள் அத்தாட்சிப்படுத்தப்பட்ட வரலாற்றை ஆராய்வோர், எவ்வாறு எண்ணினர் என்பதனோடு யாரை எண்ணினர் என்பதனையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். இவ்வுண்மையை விளக்குவதற்கு மத்திய மலைநாட்டின் வலப்பனைப் பிரதேசம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

குடவோலை தரும் செய்தி

முடிவை ஐயத்திற்கு இடமின்றி உரைத்தல் வேண்டுமென்னும் கருத்துத் தமிழர்க்குப் புதியதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம், 921ஆம் ஆண்டுகளில், உத்தரமேரூரிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் இதற்குச் சான்று பகர்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. எழுத்தறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதனை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும் என விதிக்கப்பட்டிருந்தது. வேறோர் ஓலையை விரலிடுக்கில் மறைத்து வைத்தற்கு இடமளியாமையே இவ்விதியின் நோக்கம் என்பது வெளிப்படை. அவன் பெயரை உரக்க வாசித்த பின்னர், மண்டபத்திலிருந்த நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசித்தனர். அதன் பின்னரே அப்பெயர் எழுதிக் கொள்ளப்பட்டது. பலர் கண்ணெதிரே எடுத்தல், ஒருவர் வாசித்தல், பலர் சரிபார்த்தல், ஈற்றில் எழுதுதல் என்னும் இந்நான்கு படிகளையும் இன்றைய வாக்கெண்ணும் நிலையங்களிலும் காணலாம்.

எனினும் அதே கல்வெட்டின் மற்றொரு பக்கமும் நினைவிற் கொள்ளத்தக்கது. கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட வயதும் உடையோர் பெயரே குடத்துள் இடப்பட்டது. நிலமற்ற உழவரும் பெண்டிரும் அச்சபையில் இடம்பெற்றாரல்லர். முடிவுரைக்கும் முறை எத்துணைச் செம்மையாயினும், குடத்துள் இடப்படாத பெயர் வெளிவருதல் இல்லை.

வலப்பனையும் கிராமச் சங்கங்களும்

பிரித்தானியர் ஆட்சியில் 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் கொழும்பு, கண்டி முதலிய நகரங்களுக்கு மாநகர சபைகள் வாய்த்தன. கிராமங்களுக்கு 1871ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பழைய கம்சபா முறையைப் புதுப்பித்துக் கிராமச் சங்கங்களை அமைத்தது.

நுவரெலியாவுக்கு வடகிழக்கே அமைந்த வலப்பனை அக்காலத்திற் படிக்கட்டு வயல்களை நம்பி வாழ்ந்த கண்டிச் சிங்களக் குடியானவர் பிரதேசமாகும். அம்மக்களை அரசாங்க ஏடு முதலிற் கண்டது வாக்காளராக அன்று. வரி நிலுவையுடையோராகவே கண்டது. 1880களில் தானிய வரியைச் செலுத்த இயலாதோரின் வயல்கள் விற்கப்பட்டன. குடும்பங்கள் நிலமிழந்து வறுமையால் மடிந்தன என அங்கு உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் அறிக்கையிட்டார். அதனால் எழுந்த சர்ச்சை இங்கிலாந்து வரை எட்டிற்று. தேசாதிபதி ஹவலக் காலத்தில், 1892ஆம் ஆண்டில், அவ்வரி நீக்கப்பட்டது. வரி ஏட்டிற் பெயருடையோர்க்குத் தம் குறையை முறையிட வலிமையான சபை ஒன்று இல்லாதபோது விளைவது யாது என்பதை வலப்பனை வரலாறு இவ்வாறு காட்டிற்று.

அதே மலைகளின் மேற்சரிவுகளில், இராகலை, உடப்புசல்லாவை முதலிய இடங்களிற் பெருந்தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் லயங்களிற் குடியமர்ந்தனர். கிராமமும் தோட்டமும் அருகருகே இருந்தும் அவை இருவேறு ஆட்சிகளின் கீழ் இருந்தன. கிராமத்துக்குச் சங்கம் இருந்தது. தோட்டத்துக்குத் துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் இருந்தனர். தொழிலாளியின் பெயர் செக்ரோலில் நாள்தோறும் எழுதப்பட்டது. வாக்காளர் இடாப்பில் எழுதப்படவில்லை.

அத்தாட்சி கேட்கப்பட்ட வாக்காளர்

டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931ஆம் ஆண்டில் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. எழுத்தறியாதோரும் வாக்களித்தற் பொருட்டு ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒவ்வொரு நிறம் வகுக்கப்பட்டது. ஆயின் இந்திய வம்சாவளியினர் விடயத்தில் இவ்வுரிமை நிபந்தனைக்கு உட்பட்டதாயிற்று. இந்நாட்டைத் தம் நிலையான வதிவிடமாகக் கொண்டமையை நிறுவுதல் வேண்டும். அல்லது கல்வி, சொத்துத் தகுதி இருத்தல் வேண்டும். அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெறுதல் வேண்டும். பிறர்க்கு முடிவே அத்தாட்சிப்படுத்தப்பட்டது. தோட்டத் தொழிலாளர்க்கோ முதலில் ஆளே அத்தாட்சிப்படுத்தப்பட வேண்டியதாயிற்று.

அவ்வாறிருந்தும் மலையக மக்கள் தமக்குக் கிட்டிய வாக்கை வீணாக்கினாரல்லர். 1931ஆம் ஆண்டில் ஹட்டனிலிருந்து பெரி சுந்தரமும் தலவாக்கலையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் அரசாங்க சபைக்குச் சென்றனர். 1936ஆம் ஆண்டில் ஹட்டன் தொகுதியிற் கோ. நடேசய்யர் வெற்றி பெற்றார். ஆயின் வாக்காளர் தொகை பெருகப் பெருகப் பரிசீலனையும் கடுமையாயிற்று. 1939ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2,25,000 ஆக இருந்த இந்திய வாக்காளர் தொகை 1943ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,68,000 ஆகக் குறைந்தது.

உள்ளூராட்சியில் நிகழ்ந்தது இதனினும் தெளிவானது. கிராமச் சங்கங்களின் வாக்குரிமையை விரிவாக்கும் திருத்தம் 1937ஆம் ஆண்டளவில் உள்ளூராட்சி அமைச்சர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவாற் கொண்டுவரப்பட்டது. இந்தியத் தொழிலாளரை இனப்பெயர் சுட்டி விலக்குதல் இந்திய அரசாங்கத்தின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆகவே எவ்வினத்தவராயினும் தோட்டத்தில் வதியும் தொழிலாளர்க்கு அவ்வுரிமை இல்லை என விதி மாற்றி எழுதப்பட்டது. இனப்பெயர் மறைந்தது, விலக்கப்பட்டோர் பெரும்பாலும் அவர்களாகவே இருந்தனர். இக்காலத்து மனக்கசப்பின் நடுவே, 1939ஆம் ஆண்டில் நேரு இலங்கைக்கு வந்தபோது, இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். அவருள் நுவரெலியாவிற் சௌ. தொண்டமானும் தலவாக்கலையிற் சி. வி. வேலுப்பிள்ளையும் அடங்குவர். அடுத்த ஆண்டில் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வாக்கைக் குடியுரிமையோடு பிணைத்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வெழுவருள் ஒருவர் தானும் மீளவில்லை. அத்தேர்தலின் முடிவுகள் முறைப்படி எண்ணப்பட்டு, முறைப்படி வர்த்தமானியில் வெளியிடப்பட்டன. அத்தாட்சியில் ஒரு பிழையும் இல்லை. பிழை வாக்காளர் இடாப்பில் இருந்தது.

இடாப்புக்குள் மீண்டமை நெடுங்காலச் செயலாயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்பாடு சரிபாதியாக்கிற்று. 1977ஆம் ஆண்டில் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தொண்டமான் மீண்டும் பாராளுமன்றம் சென்றார். நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்டன.

வாக்குண்டு, வழியில்லை

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தாற் பிரதேச சபைகள் தோன்றின. 1991ஆம் ஆண்டில் அவற்றுக்கு முதன்முறை தேர்தல் நடைபெற்றது. தோட்ட மக்களும் வாக்களித்தனர். அவருட் சிலர் உறுப்பினராயினர், தவிசாளராயினர். ஆயின் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதியிற் சபையின் நிதியைச் செலவிடுதற்குத் தடையாகக் கொள்ளப்பட்டது. தோட்டத்து வாக்கினால் தெரிவான உறுப்பினர் அத்தோட்டத்துப் பாதைக்கு ஒரு கல் இடுதற்கும் சட்டம் குறுக்கே நின்றது. 2018ஆம் ஆண்டிலேயே அச்சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலின்போது, பெருந்தொகை மக்களைக் கொண்டிருந்த நுவரெலியா, அம்பகமுவைப் பிரதேச சபைகள் இரண்டும் ஆறாகப் பகுக்கப்பட்டன. கொட்டகலை, அக்கரபத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்பன புதியனவாகும்.

இரண்டாம் சுற்றும் ஒரு வாக்கும்

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் நடைபெற்ற தேர்தல், வட்டார முறையையும் விகிதாசார முறையையும் கலந்த புதிய முறையில் நிகழ்ந்தது. ஒரு கட்சி சபையின் அரைவாசி ஆசனங்களைப் பெறுமாயின் முதல்வரை அல்லது தவிசாளரை அக்கட்சியே பெயர் குறிக்கும். எக்கட்சியும் அவ்வளவு பெறாவிடின், உள்ளூராட்சி ஆணையாளர் முதற் கூட்டத்தைக் கூட்டித் தலைமை தாங்க, உறுப்பினர் வாக்களித்துத் தெரிவு செய்வர். வாக்களிப்பு வெளிப்படையானதா, இரகசியமானதா என்பதையும் உறுப்பினரே தீர்மானிப்பர். மூவரோ மேற்பட்டோரோ போட்டியிட்டு ஒருவரும் அரைவாசிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறாவிடத்து, குறைந்த வாக்குப் பெற்றவர் விலக்கப்பட்டு அடுத்த சுற்று நிகழும். சமநிலை எய்தின் திருவுளச்சீட்டே தீர்ப்பு.

இம்முறையின் இயல்பை யாழ்ப்பாண மாநகர சபையின் முதற் கூட்டம் நன்கு விளக்கிற்று. 2018ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் நாற்பத்தைந்து உறுப்பினர் கொண்ட அச்சபையில் மூவர் முதல்வர் பதவிக்குப் போட்டியிட்டனர். இம்மானுவேல் ஆர்னோல்ட் 18 வாக்குகளும், வி. மணிவண்ணனும் மு. றெமீடியசும் தலா 13 வாக்குகளும் பெற்றனர். முதல்வருக்கு அரைவாசி இல்லை. ஏனைய இருவருள் யாரை விலக்குவதென்பதும் தெரியவில்லை. திருவுளச்சீட்டு இடப்பட்டு மணிவண்ணன் விலக்கப்பட்டார். பின்னர் றெமீடியஸ் தாமே விலகவே ஆர்னோல்ட் முதல்வரானார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட குடவோலையின் நிழல் அம்மண்டபத்திலும் ஒரு கணம் விழுந்ததெனலாம். வரவு செலவுத் திட்டம் இருமுறை தோல்வியுற்றதாற் பதவி வெற்றிடமானபோது, 2020ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் மணிவண்ணன் 21 வாக்குகளாலும் ஆர்னோல்ட் 20 வாக்குகளாலும் எண்ணப்பட்டனர். மாநகரின் தலைமை ஒரு வாக்கினால் மாறிற்று.

நாடளாவிய அளவில் 2024ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலும் நினைவுகூரத்தக்கது. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க நூற்றுக்கு 42.31 பங்கு வாக்குகளே பெற்றமையால், இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. அதன் பின்னர், செப்டெம்பர் 22ஆம் நாளன்றே, முடிவு அறிவிக்கப்பட்டது. ஒரு வாக்குச்சீட்டில் இரண்டாவதாக இட்ட எண்ணும் வீணாகாமற் காக்கப்படுதல் வேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

முடிவுரைக்க ஒன்றுமில்லாதபோது

2023ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நிதியில்லை என்னும் காரணத்தால் நின்றுபோயிற்று. சபைகள் கலைந்தன, உத்தியோகத்தரே அவற்றை நடத்தினர். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் இச்செயலால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதெனத் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025ஆம் ஆண்டு மே 6ஆம் நாளே நிகழ்ந்தது. அதன் பின்னர்க் கொழும்பு மாநகர சபையில், 117 ஆசனங்களுள் 48 பெற்ற கட்சியின் வேட்பாளர் விராய் கெலி பல்தசார், இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்னும் கணக்கில் மேயரானார். வாக்கெடுப்பு இரகசியமாக நடைபெற்றமை பற்றிச் சர்ச்சையும் எழுந்தது. வெளிப்படை முறையில் உறுப்பினர் கட்சிக்கு அஞ்சுவர்; இரகசிய முறையில் மக்களுக்குக் கணக்குக் காட்டாதொழிவர். இவ்விரண்டிற்கும் நடுவே நின்று முடிவுரைப்பது எளிதான பணியன்று.

இவற்றாற் பெறப்படுவது ஒன்று. தேர்தல் அத்தாட்சி என்பது இறுதி நாளிற் கையொப்பமிடும் செயல் மட்டுமன்று. இடாப்பிற் பெயர் எழுதப்படும் நாளில் அது தொடங்குகின்றது. வாக்குச்சீட்டு எண்ணப்படும் இரவில் வளர்கின்றது. தெரிவானவர் தம்மைத் தெரிந்தோர்க்குப் பணி செய்ய இயலும்போதே நிறைவெய்துகின்றது. வலப்பனையின் கிராமத்தார்க்கு நடுவிற் பல பத்தாண்டுகளும், அதே மலையின் தோட்டத்தார்க்கு முதலும் ஈறும் மறுக்கப்பட்டமையை வரலாறு கூறுகின்றது. இன்று இருசாராரும் ஒரே சபைக்கு வாக்களிக்கின்றனர். வரியேட்டில் மட்டும் பெயருடையோராயிருந்த குடியானவரின் வழித்தோன்றலும், செக்ரோலில் மட்டும் பெயருடையோராயிருந்த தொழிலாளரின் வழித்தோன்றலும் ஒரே இடாப்பில் அடுத்தடுத்து எழுதப்பட்டுள்ளனர். அவ்வேட்டைச் செம்மையாகக் காத்தல், முடிவுரைக்கும் அலுவலரின் கடமை மட்டுமன்று. கற்றோர் அனைவரின் கடமையுமாகும்.