பேராசிரியர் ஜயசூரியவும் கிடப்பில் போன அறிக்கையும்

ஆட்சி மாறும்போதெல்லாம் பாடசாலைக் கல்வியும் மாற வேண்டுமா? பத்திரிகைத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் என்னைத் தொடர்ந்த கேள்வி இது. அது எழும்போதெல்லாம் பேராசிரியர் ஜே.ஈ. ஜயசூரியவே என் நினைவுக்கு வருவார்.

1918 இல் பிறந்த அவர் அடிப்படையில் ஒரு கணித பட்டதாரி. கல்வி அமைச்சராக இருந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகளை அமைக்கத் தொடங்கியபோது, மத்துகமப் பாடசாலைக்கு அதிபராக அவரைத் தெரிவு செய்தார். அப்போது ஜயசூரியவுக்கு வயது இருபதுகளில்தான். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கல்வித்துறைப் பேராசிரியராக உயர்ந்தார். 1939 முதல் 1968 வரையான இலங்கைக் கல்வி வரலாற்றை ஆராய்ந்து அவர் எழுதிய ஆங்கில நூல் 1969 இல் வெளிவந்தது. வகுப்பறையையும் அதிபர் நாற்காலியையும் அறிந்த பின்னரே அவர் கொள்கை ஆய்வுக்கு வந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

1960 இறுதியில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. சிதறிக் கிடந்த பாடசாலைகளை ஒரே தேசிய அமைப்பாக்குவது எவ்வாறு என்ற வினா எழுந்தது. 1961 இல் நியமிக்கப்பட்ட தேசியக் கல்வி ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜயசூரிய. இறுதி அறிக்கை 1962 இல் வந்தது. 1964 இல் ஒரு வெள்ளை அறிக்கை வெளியாயிற்று. மறு ஆண்டு ஆட்சி மாறியது. 1966 இல் புதிய அரசு தனது வெள்ளை அறிக்கையை முன்வைத்தது. அதுவும் சட்டமாகவில்லை.

1972 இல் வேறொரு சீர்திருத்தம் வந்தது. பாடசாலையில் சேரும் வயது ஐந்திலிருந்து ஆறாக உயர்ந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் பதிலாகத் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் புகுந்தது. தொழில்முன்னிலைப் பாடங்களும் சேர்ந்தன. 1977 இல் ஆட்சி மாறியதும் அப்பரீட்சை கைவிடப்பட்டுப் பழைய பரீட்சை மீண்டது.

என் தம்பி அந்த இடைக்காலப் பரீட்சை எழுதியவன். சில ஆண்டுகளின் பின் வேலைக்கான நேர்முகத் தேர்வொன்றில், "இது என்ன சான்றிதழ், தம்பி?" என்று கேட்டார்களாம். வீடு திரும்பியவன் அதை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தான். அறிக்கைகளைச் செய்தியாக்கிப் பழகிய எனக்கு, அவற்றின் விலையைச் செலுத்துவோர் யார் என்பது அன்றுதான் புரிந்தது.

அரசுகள் மாறினாலும் கல்விக் கொள்கை நிலைத்திருக்க வேண்டும் என்ற நோக்கில் நிரந்தரமான தேசியக் கல்வி ஆணைக்குழுவொன்று 1991 இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. பேராசிரியர் ஜயசூரிய மறைந்ததும் அதே ஆண்டில்தான். அவர் தலைமையேற்ற ஆணைக்குழு நியமிக்கப்பட்டு அப்போது முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அந்த முப்பது ஆண்டுகளில் பாடசாலை சென்றவர்களுள் என் தம்பியும் ஒருவன்.