முறியின் முதுகில் ஒரு விடுதலை

1718-இல் பாஸ்டன் நகரத்து மெழுகுவர்த்தி வியாபாரி ஒருவர் தம் 12 வயது மகனை அச்சகத்தில் தொழில் பழகச் சேர்த்தார். முதலாளி வேறு யாருமல்ல, பையனின் அண்ணன் ஜேம்ஸ்தான். அண்ணன் தம்பி என்றாலும் முறி (பயிற்சி ஒப்பந்தப் பத்திரம்) முறிதான்: 21 வயது வரை வேலை; கடைசி ஆண்டில் மட்டும் கூலி. அந்தக் காலத்துப் பயிற்சி முறிகளில் சூதாடக் கூடாது, சாராயக்கடைப் பக்கம் போகக் கூடாது, கல்யாணம் கூடாது என்று வரிசையாக எழுதியிருக்கும். பதிலுக்குச் சாப்பாடு, படுக்க இடம், தொழில். எதிர்த்துப் பேசினால் அடி. அந்தப் பையன், பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் அண்ணன் கையால் வாங்கியவன்தான்.

தகராறு முற்றினால் அப்பாவிடம் போகும். தீர்ப்பு பெரும்பாலும் இளையவன் பக்கமே. தன் பக்கம் நியாயம் இருந்ததாலா, தான் நன்றாக வழக்காடியதாலா என்று பிற்காலத்தில் அவரே யோசித்திருக்கிறார்.

வழக்காடத் தெரிந்தவன் என்பதற்குச் சாப்பாட்டு விஷயமே போதும். கல்யாணமாகாத ஜேம்ஸ், தனக்கும் பையன்களுக்கும் வேறொரு வீட்டில் பணம் கட்டிச் சாப்பாடு வைத்திருந்தார். 16 வயதில் கறி தின்பதை விட்ட பெஞ்சமின் ஒரு கணக்கு சொன்னான்: எனக்காகக் கட்டுவதில் பாதியைக் கையில் கொடுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன். அண்ணனுக்கு லாபம், உடனே சம்மதம். மற்றவர்கள் சாப்பிடப் போனதும் இவன் அச்சகத்தில் தனியாக ஒரு துண்டு ரொட்டி, ஒரு கைப்பிடி உலர்திராட்சை, ஒரு குவளைத் தண்ணீரோடு முடித்துக்கொள்வான். கிடைத்த பாதியிலும் பாதி மிஞ்சியது. அது புத்தகத்துக்குப் போனது. மிஞ்சிய நேரம் படிப்புக்கு.

எழுத்தாசை மட்டும் இப்படிப் பேரம் பேசித் தீரவில்லை. தம்பி எழுதியது என்று தெரிந்தால் அண்ணன் தான் நடத்திய பத்திரிகையில் போடமாட்டார். ஆகவே 1722-இல் ‘சைலன்ஸ் டூகுட்’ என்ற விதவையின் பெயரில் எழுதி, இரவில் அச்சகக் கதவடியில் செருகினான். காலையில் ஜேம்ஸும் நண்பர்களும் படித்துப் பாராட்ட, பையன் ஒன்றும் தெரியாதவன்போல் நின்றான். இப்படி 14 கடிதங்கள். உண்மை தெரிந்தபோது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

அரசைச் சீண்டியதால் 1723-இல் ஜேம்ஸ் பத்திரிகை நடத்தத் தடை வந்தது. தம்பி பெயரில் நடத்துவதென்று முடிவாயிற்று. பயிற்சிப் பையன் பத்திரிகை நடத்துவதாகக் கேள்வி வரக் கூடாதே! பழைய முறியின் முதுகில் ‘விடுவித்தேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மீதிக் காலத்துக்கு ரகசியமாக இன்னொரு முறி. அடுத்த சண்டையில் பெஞ்சமின் விடுதலைச் சீட்டைப் பிடித்துக்கொண்டான். ரகசிய முறியை அண்ணன் வெளியே காட்ட முடியாதல்லவா! கெட்டிக்காரத்தனம்தான், நேர்மை என்று சொல்ல முடியாது. தம் வாழ்வின் முதல் பிழைகளில் ஒன்றென அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பாஸ்டன் அச்சகங்கள் எதிலும் தம்பிக்கு வேலை கிடைக்காதபடி அண்ணனும் பார்த்துக்கொண்டார். 17 வயதில் பெஞ்சமின் ஃபிலடெல்ஃபியா போய்ச் சேர்ந்தார்.

பின்னர் ஜேம்ஸின் மகனைப் படிக்கவைத்து, அச்சுத்தொழிலும் பழக்கினார். 1790-இல் இறந்தபோது அவர் உயில் பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா ஆகிய இரு நகரங்களுக்கும் தலா 1,000 பவுண்டு விட்டுச்சென்றது: 25 வயதுக்குட்பட்ட, மணமான கைவினைஞர்களுக்குக் கடன் கொடுக்க. ஒரு நிபந்தனையும் இருந்தது. கடன் கேட்பவர் அந்த ஊரிலேயே தொழில் பழகி, தம் பயிற்சி முறியின் கடமைகளை ஒழுங்காக நிறைவேற்றியவராக இருக்க வேண்டும்.