பக்கத்துத் தியேட்டருக்கும் கேட்ட பூகம்பம்: சப்வூபர் வீட்டுக்கு வந்த கதை

என்னிடம் படித்த தம்பி ஒருவர் போன கிழமை கோல் எடுத்தார். வாப்பாவின் பழைய ஸ்டீரியோ செட்டுக்கு ஒரு சப்வூபர் வாங்கியிருக்கிறார். "சேர், போட்டா அலுமாரிக் கண்ணாடியெல்லாம் ஆடுது. பக்கத்து வீட்டுக் காக்கா ரெண்டு நாளா முகம் பாக்கிறாரில்ல" என்றார். அவருக்குச் சொன்ன பதில் சரித்திரப் பாடமாக நீண்டுவிட்டது. உங்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

பேஸ் சத்தம் வரவேண்டுமானால் ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதனால் ஒரு காலத்தில் நல்ல பேஸ் கேட்க அலுமாரி அளவு பெட்டி தேவைப்பட்டது. 1954இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் இதை மாற்றினார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் போல வேலை செய்ய வைத்தார். ஏஆர்-1 என்ற அந்தச் சிறிய ஸ்பீக்கர் பெரிய பெட்டிகளுக்கு ஈடுகொடுத்தது.

1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்தன. ஒரு பெட்டி இருந்த ஹோலில் இரண்டு வைக்க வேண்டி வந்தது; பெட்டிகள் சிறுத்தன, அடிப் பேஸ் குறைந்தது. அப்போது கைகொடுத்தது நம் காதின் ஒரு பலவீனம். மிகத் தாழ்ந்த சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து பேஸுக்கென்று ஒரே பெட்டி போதும். 1960களில் பிறந்த சப்வூபரின் அடிப்படை இதுதான்.

உலகம் அதைக் கவனித்தது 1974இல். 'எர்த்குவேக்' படத்துக்காகத் தியேட்டர்களில் 'சென்சரவுண்ட்' என்ற பெயரில் இராட்சத ஸ்பீக்கர்களை வைத்தார்கள். ஹொலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைப் பூச்சு உதிர்ந்து விழாமல் இருக்க வலை கட்டினார்கள். வேறு இடங்களில், பக்கத்து ஹோலில் 'கோட்பாதர்' இரண்டாம் பாகம் பார்த்தவர்கள் அதிர்வு தாங்காமல் முறையிட்டார்கள்.

சுவர் ஏன் தடுக்கவில்லை? 40 ஹேர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை சுமார் எட்டரை மீற்றர் நீளம், நம் ஹோலை விடப் பெரியது. பேச்சுச் சத்தத்தைத் தடுக்கும் சுவரும் இதற்கு வழிவிட்டுவிடும்.

1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டொல்பி டிஜிட்டல் வந்தது. ஐந்து சத்த வழிகளோடு பேஸுக்கென்று தனி வழி, 5.1 என்பதில் அந்த '.1' அதுதான். பிறகு டீவிடியோடு அது வீடுகளுக்குள் நுழைந்தது. தியேட்டருக்குச் செய்த பூகம்பம், ஒட்டி ஒட்டிக் கட்டிய நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

தம்பிக்குச் சொன்னது இவ்வளவுதான். மூலையில் வைத்தால் பேஸ் வீங்கும். கொஞ்சம் வெளியே எடுங்கள். நீங்கள் உட்காரும் கதிரையில் சப்வூபரை வைத்துப் பாட்டைப் போட்டு, சுவரோரமாக நடந்து பாருங்கள். எங்கே பேஸ் சமமாகக் கேட்கிறதோ, அதுதான் அதற்கு இடம். கிராஸ்ஓவரை 80 ஹேர்ட்ஸில் தொடங்குங்கள். ஸ்பீக்கர் சிறிதென்றால் கொஞ்சம் கூட்டலாம். வால்யூமை, சப்வூபர் இருப்பதே தெரியாத அளவுக்குக் குறையுங்கள். நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தோன்ற வேண்டும்.

கடைசியாக ஒன்று: அந்த வால்யூமைப் பக்கத்து வீட்டில் நின்று சரிபாருங்கள்.

நேற்று மீண்டும் கோல் எடுத்தார். தம்பி இங்கே வால்யூமைத் திருக, இவர் காக்கா வீட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டாராம். சரியான இடத்தைச் சொன்னது காக்காதானாம். பிறகு தேத்தண்ணியும் கிடைத்ததாம்.