பழைய பாக்கி

பூகம்பமும் பஞ்சமும் வரும்போது பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குக் கொடுப்பதைத் தர்மம் என்கிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

1755-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி பூகம்பத்தில் லிஸ்பன் நகரம் இடிந்தது. இங்கிலாந்துப் பார்லிமெண்ட் லட்சம் பவுன் கொடுத்தது. பாதி ரொக்கம், மீதி மாமிசம், வெண்ணெய், மாவு, பாதரட்சை, கடப்பாரை. லிஸ்பனில் ஆங்கிலேயர் வியாபாரம் பெரிது என்பது வாஸ்தவம். பசித்தவன் அதையா விசாரிப்பான்?

பதினைந்தே வருஷம் கழித்து, அதே இங்கிலாந்தின் கிழக்கிந்தியக் கம்பெனி வரி வாங்கிய வங்காளத்தில், மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. மூன்றில் ஒரு பங்கு ஜனங்கள் மாண்டதாக வாரன் ஹேஸ்டிங்ஸ் மதிப்பிட்டார். 1771-ம் வருஷத்து வசூலோ 1768-ஐவிட அதிகம்! இதையும் லண்டனுக்கு எழுதியவர் அவரே.

பணக்கார நாடுகள் அவசியம் கொடுக்கட்டும். தர்மக் கணக்கில் எழுதாமல், பழைய பாக்கியில் கழித்துக்கொள்ளட்டும்.