மதிலில் இருந்து வந்த எழுத்துரு

‘விளம்பரம் ஒட்டாதீர்’ என்று எழுதிய மதிலில்தான் ரியூஷன் போஸ்டர் முதலில் ஏறும். கொழும்பில் பொரளைச் சந்திப் பக்கம் போனால் இதற்குச் சாட்சி தேடத் தேவையில்லை. தகட்டில் எழுத்தை வெட்டி, மதிலோடு அழுத்திப் பெயின்ற் அடிக்கும் அந்த எச்சரிக்கையின் ஸ்டென்சில் எழுத்துதான் ஓர் எழுத்துருவுக்கும் மூலம்.

பிறந்தபோது அதில் ஆங்கில எழுத்து மட்டுமே இருந்தது. காலிக் கோட்டையில் சுவரொட்டிகளுக்கென்றே இருந்த ‘ஸ்டிக் நோ பில்ஸ்’ கலைக்கூடம் அதைத் தனக்கெனச் செய்வித்தது. வரைந்தவர் மார்ட்டின் ஹொட்ஜஸ். பிறகு கொழும்பின் மூனியாக் எழுத்துருக் குழு அதை எல்லாருக்கும் பொதுவாக்கியது. சிங்களத்தைக் கோசல செனெவிரத்னவும் தமிழைத் தாரிக் அஸீஸும் வரைந்தார்கள்.

நம் எழுத்தில் வேலை கடினம். ஸ்டென்சில் வெட்டும்போது மூடிய சுழியின் நடுத்துண்டு கழன்று விழும். அதைப் பிடித்துக்கொள்ள எங்காவது ஒரு சிறு பாலம் விடவேண்டும். ‘ட’, ‘ப’ தப்பிவிடும். ‘ண’, ‘ஞ’, ‘ழ’ வந்தால் பாலம் எந்த இடத்தில் என்பதே கேள்வி. இடம் தவறினால் எழுத்தே உடைந்து தெரியும்.

எழுத்துருவைப் பொதுவாக்கியபோது அதன் பெயர் ‘போஸ்ட் நோ பில்ஸ்’. சிங்களம் கொண்ட பிரதிக்குக் ‘கொழும்பு’ என்றும் தமிழ் கொண்டதற்கு ‘யாழ்ப்பாணம்’ என்றும் பெயர் வைத்தார்கள். எனக்கு இதில் சின்ன மனத்தாங்கல் உண்டு. 1958இல் கொழும்பின் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசினார்கள். அதற்குப் பிறகும் கொழும்பை விட்டுப் போகாத எழுத்து தமிழ். வெள்ளவத்தைக் கடைத்தெருவில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கொழும்பிலேயே உள்ள ‘கொட்டாஞ்சேனை’யின் பெயரை வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

பின்னர் சிங்களப் பிரதி கலைக்கூடத்தின் பெயரான ‘ஸ்டிக் நோ பில்ஸ்’ என்றே பெயர் மாறி கூகுள் ஃபொன்ற்ஸில் ஏறியது. தமிழ்ப் பிரதியும் திறந்த உரிமம் என்பதால் காசு கொடுக்காமலே எவரும் எடுக்கலாம். இலவசம் என்பதற்காக எல்லாவற்றிலும் போடுவதுதான் ஆபத்து. நாடகப் போஸ்டருக்கும் கடைப்பலகைக்கும் பொருந்தும். கல்யாண அழைப்பிதழில் சுவர் அறிவித்தல்போலக் கத்தும். சின்ன அளவில் அச்சடித்தால் பாலங்கள் மையில் அடைபட்டுவிடும். தலைப்புக்கு மட்டும் வைத்து, உள்ளடக்கத்துக்கு வேறொன்றை எடுப்பதே நல்லது. மாதிரிப் படத்தை நம்பாமல், உங்கள் தலைப்பையே அடித்து, ஒட்டப்போகும் அளவிலேயே அச்செடுத்து, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று வாசித்துப் பாருங்கள்.